எந்த இயக்கம், தம்பி?

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள சலூனில் இன்று காலை என் முறைக்குக் காத்திருந்தேன். தொலைக்காட்சியில் சூடான் போர்.

முன்னால் இருந்த ஐயாவின் கன்னத்தில் கத்தியை வைத்தபடியே சலூன்கார அண்ணை நிறுத்திவிட்டார். "இதில் எது அரசாங்கத்தின் படை?"

ஒரு காலத்தில் இரண்டுமேதான்.

சூடானின் மேற்கே டார்பூரில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஜன்ஜாவீத் ஆயுதக் குழுக்களை ஏவியது அப்போதைய ஜனாதிபதி பஷீரின் அரசு. 2013இல் அவர்களுக்கே 'விரைவு ஆதரவுப் படை' என்று பெயர் சூட்டியது. தலைவர் ஹெமெத்தி, முன்னாள் ஒட்டக வியாபாரி. தங்கச் சுரங்கமும் கைக்கு வந்த பிறகு அவர் யாருடைய சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டும்? 2019இல் பஷீரைக் கவிழ்த்தவர்களில் அவரும் ஒருவர். 2021இல் இராணுவத் தளபதி புர்ஹானோடு சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார். 2023 ஏப்ரல் 15 அன்று இருவரின் படைகளும் தலைநகரிலேயே மோதத் தொடங்கின.

இத்தனையையும் நான் அங்கே சொல்லவில்லை. சலூனில் பாடம் நடத்துபவனை யாருக்கும் பிடிக்காது.

முகமெல்லாம் நுரையோடு ஐயாதான் பேசினார். "எண்பதுகளில் பல ஆயுத இயக்கங்களின் பையன்களும் சோற்றுப் பார்சல் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். 'எந்த இயக்கம், தம்பி?' என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா கதவைத் திறப்பார். நேற்று யாருக்குக் கொடுத்தோம் என்பதை மட்டும் மறந்தும் சொல்ல மாட்டார்."

நுரை காய்ந்துவிட்டது. அண்ணை மறுபடியும் தண்ணீர் தெளித்தார்.