அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கலுக்கு: கோடையில் ஒரு மலைச் சைக்கிள் பயணம்

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி அருவியாக விழும் ஒகேனக்கல்லோ 250 மீட்டரை ஒட்டிய உயரத்தில்தான் கிடக்கிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டியில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் ஆற்றங்கரை வரை மிதிக்கவே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அந்தச் சாலையில் ஒருமுறை போய் வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். காவிரியை நோக்கி இறங்கும் ஓடைகளைச் சாலை ஒவ்வொன்றாகக் குறுக்கே கடப்பதால், ஒவ்வோர் ஓடைக்கும் இறங்கி, இறங்கியதில் பாதியையாவது மறுகரையில் ஏறியே ஆக வேண்டும். தூரம் என்னவோ 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். தொடைகளுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

மே மாதத்தில் இப்படியொரு பயணம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மழைக்காலத்தில் இந்த ஓடைகளில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வரும். அறுவடை நேரத்தில் ராகிக் கொல்லைகளைத் தேடிப் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்துக்குள் வந்துவிடும். கோடையில் வெயில் ஒன்றுதான் பகை. அதையும் காலையிலேயே கிளம்பிப் பாதி வென்றுவிடலாம் என்பது என் வாதம்.

நண்பரும் நானும் வெளிச்சம் நன்றாகப் பரவிய பிறகே அஞ்செட்டியை விட்டுக் கிளம்பினோம், ஏனென்றால் இருட்டில் இந்தக் காட்டுச் சாலையில் சைக்கிளில் போவது வீரமல்ல, முட்டாள்தனம். மலைச் சைக்கிள் என்றதும் ஒற்றையடிப் பாதைகளில் பாய்ந்து செல்வதைத்தான் பலர் கற்பனை செய்கிறார்கள். இங்கே அதற்கு இடமில்லை. இப்பகுதிக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி உள்ளே நுழைவது சட்டப்படி குற்றம். பொதுச் சாலையை விட்டு நாங்கள் விலகவில்லை. ஆனாலும் அகன்ற டயரும் முன் சஸ்பென்ஷனும் வீண்போகவில்லை. தார் பெயர்ந்து ஜல்லி மட்டும் மிஞ்சிய இடங்களில் டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டதும் சைக்கிள் துள்ளாமல் தரையைப் பற்றிக்கொண்டது.

தொட்டல்லா ஆற்றில் அப்போது ஓட்டம் இல்லை. வெளுத்த மணலும், பாறைகளுக்கு இடையே பச்சை படிந்த சில குட்டைகளும்தான் இருந்தன. மணலில் ஒருவர் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, அடியில் ஊறிய நீரைச் சொம்பால் மொண்டு, கலங்கல் தெளியும் வரை இரண்டு மூன்று முறை வெளியே இறைத்துவிட்டு, பிறகே குடத்தை நிரப்பினார். வறண்ட ஆறு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நீர் மணலுக்கடியில் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அதன் பிறகு இருபுறமும் உசிலையும் வேலமும் புளியும் கலந்த வறண்ட காடு. இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே சரக்கொன்றை மட்டும் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் சாலை நடுவே யானை லத்தி கிடந்தது. மரப்பட்டை நாரும் புளியங்கொட்டைகளும் பிதுங்கிய அதன் மேற்புறம் இன்னும் ஈரமாகவே இருந்தது. ஈக்கள் அப்போதுதான் மொய்க்கத் தொடங்கியிருந்தன. கோடையில் யானைகள் தண்ணீருக்காகக் காவிரிப் பக்கம் நகர்வது வழக்கம் என்பதால், அங்கேயே சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, பின்னால் ஏதாவது வண்டி வரட்டும் என்று காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துப் பால் வண்டி ஒன்று வந்தது. அதை ஒட்டியே அந்தத் திருப்பத்தைக் கடந்தோம்.

நாட்றாம்பாளையத்தில் டீக்கடைப் பெரியவர் எங்கள் ஹெல்மெட்டையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறுறதுக்குள்ள எறங்கிடுங்க தம்பி, கீழ போகப் போகக் காந்தும்" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. மலையில் இறங்கும்போது காற்று முகத்தில் குளிர்ச்சியாக அடிக்கும் என்பது ஊட்டிக்குப் பொருந்தலாம். இங்கே ஒவ்வொரு வளைவிலும் காற்று மேலும் சூடாக வந்து மோதியது. பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு தளரும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இருக்கையிலிருந்து எழுந்து உடலைப் பின்னுக்குத் தள்ளி, வளைவுக்குள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தோம். சாலையோர மதுப்பாட்டில் சில்லுகளைத் தவிர்ப்பது இதைவிடப் பெரிய வித்தையாக இருந்தது.

ஒகேனக்கலுக்குச் சற்று மேலே, காவிரியின் கரையில் பிலிகுண்டுலு இருக்கிறது. செய்திகளில் அடிபடும் அந்த நீரளவு நிலையத்தில்தான் கர்நாடகம் திறந்துவிடும் தண்ணீர் கணக்கிடப்படுகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யும் அங்கே அளக்கப்பட வேண்டியதே. 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியபோது அருவிகளே தெரியாமல் ஆறு ஒரே பரப்பாகப் புரண்டது. நாங்கள் போனபோது பாறைகளின் எலும்புக்கூடு முழுவதும் வெளியே தெரிந்தது. நீர் குறைந்திருந்ததால் பரிசல்கள் தடையின்றி ஓடின. மூங்கில் பின்னலின் அடியில் தார் பூசிக் காயவைத்த பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்க, அவற்றின் நிழலிலேயே சைக்கிள்களைச் சாத்தினோம்.

ஆற்றில் முதலைகள் உண்டு என்பதால் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. குளிக்க ஒதுக்கிய இடத்தில் தலையை நனைத்துக்கொண்டு, களியும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். வந்த வழியே ஏறித் திரும்பலாம் என்ற பேச்சை நண்பர் எடுத்தார். உச்சிவெயிலில் அது வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்லிவிட்டேன். ஏறித்தான் தீர வேண்டும் என்பவர்கள் டிசம்பரில் வரட்டும். நண்பருடைய அண்ணன் பென்னாகரத்திலிருந்து வண்டி கொண்டுவந்திருந்தார். முன்சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் ஏற்றிக்கொண்டு தருமபுரி வழியாக ஊர் திரும்பினோம்.