ஸ்விஃப்ட் டீசலும் லேமினேட் செய்த கடிதமும்

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி கார்டு நேற்று ஸ்பீடு போஸ்ட்டில் வந்தது. கவரைக் கிழித்து என் பெயரைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பழைய டீசல் கார் ஒன்றைப் பிடிக்க எனக்கு ஒன்பது நாள்தான் ஆனது. பேர் மாற்ற நாலு மாசம்.

வாரத்தில் நாலு நாள் மதுரையிலிருந்து தேனி போய் வருகிறவன் நான். போக வர 150 கிலோமீட்டர், டீசல்தான் கட்டுப்படியாகும். புது வண்டியே எடுத்துவிடலாம் என்று ஷோரூம் ஏறினால், சின்ன டீசல் கார் என்ற இனமே அநேகமாக அழிந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலை மூட்டை கட்டியது. போலோவில் டீசல் அப்போதே போச்சு, 2022-ல் போலோவே போச்சு. இங்கே கார் தயாரிப்பதையே நிறுத்துவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்ததில் ஃபிகோவும் இல்லை. ஐ20-யிலும் டீசலை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஆல்ட்ரோஸ் ஒன்றுதான், அதற்கு என் கையில் காசு போதாது.

எனக்கு ஆசை ஃபிகோ 1.5 டீசல் மேல். 100 குதிரைசக்தி, மிதித்தால் பறக்கும். மெக்கானிக் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஓட்டிப் பாக்க ஃபிகோ, வச்சுப் பொழைக்க ஸ்விஃப்ட்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ரிட்ஸ், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று ஊரில் பாதி வண்டியில் ஓடிய எஞ்சின். அதில் கை வைக்காத மெக்கானிக் கிடையாது, ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்லை.

வாடிப்பட்டியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் (விடிஐ) இருந்தது. முதல் ஓனர், 98,000 கிலோமீட்டர். முதல் நாள் போனபோது பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. எனக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். சூடான டீசல் எஞ்சின் எல்லாமே நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சார் பல் விளக்கிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது, வெள்ளைப் புகை இல்லை, கடகட சத்தமும் இல்லை. நத்தம் ரோடு பறக்கும் பாலம் வரை கொண்டுவந்து, அந்த ஏழு கிலோமீட்டரையும் ஓட்டிப் பார்த்தேன். 2,000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும், அதற்கு மேல் டர்போ பிடித்து முதுகில் ஒரு தள்ளு. அங்கேயே விழுந்துவிட்டேன். 3.15 லட்சத்துக்குப் பேசி, முழுப் பணத்தையும் கொடுத்து, பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தேன்.

எஞ்சினை இவ்வளவு நோண்டிய நான், ஆர்சியில் ஒரே ஒரு வரியைப் படிக்கவில்லை. வங்கிக் கடன் அப்படியே ஏறியிருந்தது.

சார் நேர்மையானவர். கடனை 2019-லேயே கட்டி முடித்திருக்கிறார், பாக்கி இல்லை என்று வங்கி கொடுத்த என்ஓசி கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார். அதை லேமினேட் செய்து, பள்ளிச் சான்றிதழ்களோடு ஃபைலில் சொருகி வைத்திருந்தார். கடிதத்தின் அடியில், மூன்று மாதம் மட்டுமே செல்லும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் பளபளத்தது. ஆர்சியிலிருந்து கடனை நீக்கத் தேவையான படிவம் 35-ஐ வங்கி கொடுத்ததா, கொடுத்து எங்கே போனது என்பது சாருக்கே நினைவில்லை.

புதிதாக வாங்கிவிடலாம் என்று அந்த வங்கிக் கிளைக்குப் போனால், கணக்கு முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது, சென்னையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். இரண்டாவது தடவை போனபோது கடன் வாங்கியவரே நேரில் வர வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை சாரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன், அந்த அதிகாரி லீவு. சார் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, ஓரத்தில் மார்ஜின் மடித்து, முத்து முத்தாக ஒரு புகார்க் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு வாரத்தில் என்ஓசியும் படிவம் 35-ம் வந்தன. சீல் போட்ட நகல் இல்லாமல் எந்த வங்கியை விட்டும் வெளியே வராதீர்கள்.

பேர் மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தது பத்து நிமிஷ வேலைதான், ஓடிபி வரும் வரைக்கும். ஆர்சியில் பதிவான செல் நம்பர் சாருடைய மகனுடையது. அவர் துபாயில் இருக்கிறார், பகலில் போனை எடுக்க மாட்டார். இரவு பத்து மணிக்கு நான் இங்கே, சார் வாடிப்பட்டியில், மகன் அங்கே என்று மூன்று பேரும் லைனில் இருந்து, ஓடிபி இரண்டு தடவை காலாவதியாகி, மூன்றாவதில் விழுந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த நம்பர் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சேஸிஸ் பிரிண்ட், அதாவது வண்டியின் அடையாள எண்ணின் அச்சு. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணை, பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். நான் எடுத்துப் போனதில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. ஆர்டிஓ ஆபீஸ் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோகவும் இல்லை. ஒரு நாள் லீவு வீண். வாசலில் படிவம் நிரப்பித் தருகிற அண்ணன்தான் வழி சொன்னார்: டீசல் நனைத்த துணியால் அழுக்கைத் துடை, காய விடு, மெல்லிய பேப்பரை வை, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே பக்கமாக இழு. வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். பதினேழு எழுத்தும் அச்சடித்த மாதிரி விழுந்தன. எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

இன்சூரன்ஸில் ஒரு சின்ன அடி. பாலிசியை 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அதைச் செய்துவிட்டேன். ஆனால் சார் வருஷக்கணக்கில் கிளெய்ம் போடாமல் சேர்த்த தள்ளுபடி அவருடைய சொத்து, வண்டியோடு வராது. வித்தியாசத் தொகையை நான் கட்டினேன். விலை பேசும்போதே இதைக் கழித்திருக்கலாம். ஆர்சியில் இருந்த கடன் குறிப்பு நீங்கும் வரை பத்தாயிரமாவது கையில் நிறுத்தி வைத்திருக்கவும் செய்திருக்கலாம்.

இந்த நாலு மாசமும் சார் வாரம் ஒரு முறை போன் செய்துவிடுவார். வண்டி எங்கேயாவது மோதினால், ஆர்சியில் பேர் இருப்பவரைத்தானே முதலில் தேடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டிய அடுத்த நிமிஷம் போன்.

"தம்பி, தெற்கே போறீங்க போல?"

ஃபாஸ்டேக் இன்னும் அவர் கணக்கில்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அதை மூடச் சொல்லிவிட்டு, பணத்தை அவருக்கு அனுப்பினேன்.

நேற்று ஆர்சி கார்டைப் படம் எடுத்து முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ரொம்ப சந்தோஷம் தம்பி. மறக்காம லேமினேட் பண்ணிடுங்க."