உள்ளான் இறங்கியாச்சு

விடிய ஐந்தரைக்கே கந்தளாய்க் குளக்கட்டில் நின்றேன். கச்சான் காற்று தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. ஆவணியில் நீர் வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான் என்ற இந்த வலசைக் கரைப்பறவைகள் வந்துவிடும். எண்ணிப் பார்த்தேன்: பொரி உள்ளான் 7. மேலே நாலைந்து தகைவிலான். அப்புறம் கரையோரம் தனியாக வேறு இன உள்ளான் ஒன்று, ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே.

பொரி உள்ளான் ஒன்று ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை எடைதான். வடக்கே சைபீரியச் சதுப்புகள் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்பும் இனம். எனக்குக் கந்தளாய்க்கு வரவே இடுப்பு விட்டுப்போச்சு!

வலை இழுத்த ஐயா கேட்டார்: “தம்பி, தாரா வந்திட்டுதோ?”
“ஊசிவால் வாத்து வர ஐப்பசியாகும் ஐயா.”
“அப்ப இது கொக்குக் குஞ்சோ?”

படம் எடுக்கப் போனால் கமராவில் பற்றரி இல்லை.