'சிசி மெயின்.ஓ' வரிக்குப் பின்னால் என்ன இருந்தது

சின்ன சி நிரல் ஒன்றை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காகப் பேக்கேஜ் செய்து பழகிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ராத்திரி வேலைதான். முதல் பில்டே (மூல நிரலை ஓடும் நிரலாக்கும் வேலை) பிசிறில்லாமல் முடிந்தது. லாக்கில் கம்பைல் செய்ததற்கு 'சிசி மெயின்.ஓ', 'சிசி பார்ஸ்.ஓ', கடைசியில் லிங்க் செய்ததற்கு 'எல்டி'. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஜிசிசி கம்பைலர் எந்த ஃப்ளாக்கோடு (கட்டளையில் சேர்க்கும் விருப்பக் குறி) ஓடியது என்று ஒரு வார்த்தை இல்லை.

பாதுகாப்பு ஃப்ளாக்குகள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பில்ட் லாக்கைச் சோதிக்கும் பிஎல்ஹெச்சி என்ற கருவியிடம் லாக்கைக் கொடுத்தேன். சிசி வரி ஒவ்வொன்றுக்கும் 'நான்வெர்போஸ் பில்ட்' (முழுக் கட்டளையைக் காட்டாத பில்ட்) என்று குறை சொன்னது. 'டெர்ஸ்' (சுருக்கமாகப் பேசு) என்ற விருப்பத்தைக் கேட்காதவரை பில்ட் முடிந்த அளவு விரிவாகப் பேச வேண்டும் என்று டெபியன் கொள்கையின் 4.9-ஆம் பகுதியும் சொல்கிறது.

பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பில் டிஹெச்_வெர்போஸ்=1 போட்டேன். பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் கருவி தன் சொந்தக் கட்டளைகளைத்தான் கொட்டியது. கம்பைலர் வாயே திறக்கவில்லை. ஆட்டோமேக், சிமேக் போன்ற பில்ட் கருவிகள் என்றால் டெப்ஹெல்பரே பார்த்துக்கொள்ளும். இதுவோ கையால் எழுதிய மேக்ஃபைல், அதாவது 'மேக்' என்ற பில்ட் கருவிக்கான கட்டளைக் கோப்பு. விரிவாகக் காட்டச் சொல்லும் வி=1 கொடுத்தும் பலனில்லை. திறந்து பார்த்தால் ஜிசிசி வரிக்கு முன்னால் நேரடியாக ஒரு '@' உட்கார்ந்திருக்கிறது. அது இருந்தால் மேக் அந்த வரியைக் காட்டாது.

மேக்கை ஓட்டும்போது ஷெல்லை 'எஸ்ஹெச் -எக்ஸ்' என்று மாற்றினால், பேட்ச் (மூலத்தில் திருத்தம்) போடாமலே கட்டளை வெளியே வந்துவிடும். வந்தது: ஜிசிசி, -ஓ2, -வால். அவ்வளவுதான்! டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி கொடுத்த பாதுகாப்பு ஃப்ளாக்குகளில் ஸ்டாக் புரொடெக்டரும் இல்லை, ஃபோர்ட்டிஃபை சோர்ஸும் இல்லை. மேக்ஃபைலில் 'சிஃப்ளாக்ஸ் =' என்று கம்பைலர் ஃப்ளாக்குகளை எழுதியிருந்தால் சூழல் மாறிகளில் இருந்து வருவதை அது தூக்கிப் போட்டுவிடும். ஃபோர்ட்டிஃபை சோர்ஸைக் கொண்டுவரும் சிபிபிஃப்ளாக்ஸ் என்ற மாறியின் பெயரோ எங்குமே இல்லை.

'=' இருந்த இடத்தில் '+=' (இருப்பதோடு சேர்) போட்டேன், சிபிபிஃப்ளாக்ஸையும் சேர்த்தேன், '@'-க்குப் பதில் ஒரு மாறி வைத்து வி=1-க்குக் கட்டுப்பட வைத்தேன். (நடுவில் டேப்புக்குப் பதில் இடைவெளி விட்டு அரை மணி நேரம் போனது தனிக்கதை.)

மறுபடி பில்ட். உடைந்தது. பார்ஸ்.சியில் பயனர் கொடுத்த சரத்தை அப்படியே பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் ஃபங்ஷனுக்குள் ஃபார்மட் சரமாகப் போட்டிருக்கிறார்கள். இப்போது வந்து சேர்ந்த ஃபார்மட் செக்யூரிட்டி ஃப்ளாக் அதைப் பிழையாக்கிவிட்டது. சரத்தை அப்படியே எழுதும் எஃப்புட்எஸ் ஆக மாற்றிய பேட்சை மூல ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிஎல்ஹெச்சி இப்போது ஒரே ஒரு வரிதான் முணுமுணுக்கிறது. லிங்க் செய்யும் இடத்தில் அதற்கான ஃப்ளாக்குகளைத் தரும் எல்டிஃப்ளாக்ஸ் இல்லை, அதில் வரும் ரெல்ரோ என்ற பாதுகாப்பு விட்டுப்போயிருக்கிறது. அது நாளை ராத்திரிக்கு.