தீக்குச்சிக் கட்டையில் மீட்டர் கேஜ்

போன மே மாதம் ஒரு மத்தியானம் மாடி அறைக்குப் போய்ப் பார்த்தால், பலகைமேல் நேராக ஓடிக்கொண்டிருந்த என் மாடல் ரயிலின் தண்டவாளம் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. ஆறு மாத வேலை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அதைப் பிடுங்கித் திரும்பப் போட்டு, வண்டி ஒருவழியாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது, அதனால் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் இருப்பது மாயவரம். மயிலாடுதுறை என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வாயில் வருவது மாயவரம்தான். இங்கிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதை இருந்தது, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். 1926-இல் திறந்தது, 1986-இல் மூடிவிட்டார்கள். அந்த வண்டியில் நான் ஏறியதில்லை, அம்மா ஏறியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வயலுக்கு நடுவே காரணமே இல்லாமல் நீளும் ஒரு கரைமேடும், அங்கங்கே வாய்க்கால்மேல் நிற்கும் செங்கல் கட்டுமானமும்தான். சின்ன வயதில் அதில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கிறேன்.

தரங்கம்பாடி ஸ்டேஷனை அப்படியே செய்யவில்லை. கடற்கரை ஓரம் பாதை முடியும் ஒரு கற்பனை ஸ்டேஷன், 1980 வாக்கில். அளவைப் பற்றி யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காகவே கற்பனை ஊர். ஊருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வதால் பெயர்ப்பலகை மஞ்சளாக வெறுமனே நிற்கிறது.

முதல் தப்பு, கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை வாங்கியது. எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். 1:87 அளவில், அதாவது நிஜத்தை 87-ஆல் வகுத்துச் செய்யும் மாடலில், அது 1435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ். நம்ம ஊர் பிராட் கேஜ் 1676, மீட்டர் கேஜ் 1000. இரண்டுக்கும் ஒட்டாத ஒரு தண்டவாளத்தில் நம்ம ஊர்ப் பெட்டியை வைத்தால் என்னவோ வேறு யாருடைய செருப்பையோ போட்ட மாதிரி இருக்கிறது. அப்புறம்தான் 12 மில்லிமீட்டருக்கு மாறினேன். 12-ஐ 87-ஆல் பெருக்கினால் 1044. நாற்பத்து நாலு மில்லிமீட்டர் அதிகம், நிஜத்தில் அப்படி இருந்தால் வண்டி கவிழ்ந்துவிடும், ஆனால் மேசைமேல் அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஐரோப்பாவில் மீட்டர் கேஜ் மாடல் செய்கிறவர்கள் பலரும் இந்தக் கணக்கில்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மீட்டர் கேஜும் நேரோ கேஜ்தான். நம் ரயில்வே கணக்கில் நேரோ கேஜ் என்றால் 762-உம் 610-உம் மட்டும், மீட்டர் கேஜ் தனி ஜாதி.

டெல்டாவுக்கு முதலில் வந்தது பிராட் கேஜ் என்பதைச் சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலும் திருச்சிக்கு 1862-இலும் போட்டது அகலப்பாதை, 1875-இல்தான் அதை மீட்டராகக் குறுக்கினார்கள். பிறகு 1894-இல் மாயவரம் – முத்துப்பேட்டை என்று கிளைகள் விரிந்தன. நூறு வருஷத்துக்கு மேல் மீட்டரில் ஓடிவிட்டு இப்போது திரும்ப அகலம். நான் என்னவோ மாடியில் நடுவில் இருந்த காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மீட்டர் கேஜ் பெட்டியின் அழகு எங்கே இருக்கிறது என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. கணக்குப் போட்டதும் புரிந்தது. பிராட் கேஜ் பெட்டி சுமார் 3.25 மீட்டர் அகலம், நிற்பது 1.676 மீட்டர் தடத்தில், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மீட்டர் கேஜ் பெட்டி 2.74 மீட்டர் அகலம், நிற்பதோ 1 மீட்டரில். இரண்டே முக்கால் மடங்கு! ஒல்லிக் காலில் நிற்கும் கொக்கு மாதிரி. பழைய பாசஞ்சரில் நின்றுகொண்டு போனவர்களுக்கு அந்த ஆட்டம் உடம்பிலேயே இருக்கும். ஆகவே மாடலில் பெட்டி நன்றாக வந்து தடம் அகலமாகிவிட்டால் எல்லாம் போச்சு. இன்னொன்று, பழைய பிராட் கேஜ் பெட்டிக்கு முனையில் இரண்டு பக்கமும் பஃபர் (பெட்டிகள் மோதாமல் தாங்கும் முட்டு), மீட்டர் கேஜுக்கு நடுவில் ஒரே பஃபர், கொக்கியும் அங்கேயேதான். கடையில் வாங்கிய பெட்டியை மாற்றி வேலை செய்கிறவர்கள் முதலில் அந்தப் பக்கத்துப் பஃபர்களை வெட்டி எறியுங்கள், பாதி முகம் அப்போதே வந்துவிடும்.

சரி, தண்டவாளம். 12 மில்லிமீட்டர் ரெடிமேடு கிடைக்கிறது, ஆனால் அது வேறு அளவுக்கான டிடி தண்டவாளம், 1:120. அதில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையின் நீளம் தற்செயலாகச் சரியாக இருக்கிறது, நெருக்கம்தான் தப்பு, சீப்புப் பல் மாதிரி. நம்ம மீட்டர் கேஜ் மரக்கட்டை 183 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 11 கனம். 87-ஆல் வகுத்தால் 21 மில்லிமீட்டர் நீளம், 2.3 அகலம். இந்த எண்ணைத் தாளில் எழுதிவிட்டு யோசித்துக்கொண்டே கொசுவத்தி கொளுத்தத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் ஒரு குச்சிக்கு இரண்டு கட்டை, அகலமும் ஏறக்குறைய அதேதான். மருந்து வைக்காத குச்சி ஸ்டேஷனரி கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு கட்ட வாங்குவது. மருந்துக் குச்சியைக் கிள்ளிப் போடலாம் என்று நினைக்காதீர்கள், கிள்ளிய மருந்து குப்பைக்கூடையில் என்ன செய்தது என்பதை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

கட்டை இடைவெளிக்கு ரயில்வேயில் ஒரு சூத்திரம் உண்டு, எம் பிளஸ் இத்தனை என்பார்கள். எம் என்பது ஒரு தண்டவாளத் துண்டின் நீளம் மீட்டரில். மீட்டர் கேஜில் 12 மீட்டர் துண்டு, எம் பிளஸ் 4 என்றால் ஒரு துண்டுக்கு 16 கட்டை. முக்கியப் பாதையில் நெருக்கமாக இருக்கும், எனக்குக் கிளைப் பாதை என்பதால் 16 போதும் என்று வைத்துக்கொண்டேன். 12 மீட்டர் என்பது என் பலகையில் 138 மில்லிமீட்டர், கட்டைக்குக் கட்டை எட்டரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஐந்து கட்டைக்கு ஒன்று தாமிரம் பூசிய சர்க்கியூட் போர்டுத் துண்டு, அதில்தான் தண்டவாளத்தைப் பற்றவைப்பது, மீதி எல்லாம் தீக்குச்சி. கறுப்பு மையும் தேயிலைக் கஷாயமும் கலந்து ஊறவைத்தால் பழைய மரத்தின் சாம்பல் நிறம் வருகிறது. தண்டவாளம் ‘கோட் 55’ (code 55) என்ற வகை, அதாவது 1.4 மில்லிமீட்டர் உயரம். நிஜத்தில் 60 பவுண்டுத் தண்டவாளம் 114 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 1.3. இதற்கு மேல் யாரும் கேட்கக்கூடாது.

இப்போது அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

பலகைக்கு பிளைவுட் வாங்கியது கார்த்திகையில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரம். அந்த ஈரத்திலேயே ஆணி அடித்து, தண்டவாளத்தைக் கோடிக்குக் கோடி ஒரே துண்டாக, இடைவெளி விடாமல் பற்றவைத்தேன். வழவழவென்று இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மே மாதம் வளைந்ததும் வெயிலில் தண்டவாளம் நீண்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டால் 120 சென்டிமீட்டருக்கு 15 டிகிரி சூட்டில் 0.3 மில்லிமீட்டர்தான் வருகிறது. மீதி பலகையின் வேலை. ஈரத்தில் உப்பியிருந்த பலகை காய்ந்து சுருங்க, மேலே இருந்த தண்டவாளம் சுருங்க மாட்டேன் என்றது. இரண்டு முனையும் கட்டியிருக்கும் ஒரு கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் குறைந்தால் போதும், நடுவில் விரல் அகலத்துக்கு விலகிவிடும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், கீமேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். தினமும் தன் பீட்டில் நடந்து தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு சாவியையும் பார்த்துத் தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டி இறுக்குவதுதான் கீமேன் வேலை. அழைத்துவந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தம்பி, ஜாயின்ட்ல வாய் வுட்டீங்களா?”

“இல்லீங்கய்யா, எல்லாத்தையும் சேர்த்துப் பத்தவச்சிட்டேன்.”

“அப்ப அது எங்க போவும்? பக்கத்துலதான் போவும்.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு காபி குடித்துக்கொண்டே, பனிக்காலத்திலேயே தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டுகளைக் கழற்றி எண்ணெய் போட்டுவிடுவார்கள் என்றும், துருப்பிடித்து இறுகிய ஜாயின்ட் வெயிலில் அசையாது, அசையாவிட்டால் தடமே நெளியும் என்றும் விளக்கினார். 30 டிகிரி ஏறினால் 12 மீட்டர் இரும்பு சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். நாம் பெட்டியில் உட்கார்ந்து தூங்கிப்போகும் அந்தத் தடக் தடக் சத்தம் அந்த 4 மில்லிமீட்டருக்கு விட்ட இடத்தில் சக்கரம் இறங்கி ஏறுவதுதான்.

மூன்று வாரம் பிடுங்கல். பிளைவுட்டை ஜூன் முழுவதும் காயவிட்டு, அடியிலும் ஓரத்திலும் வார்னிஷ் இரண்டு கை அடித்தேன். 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நிஜமான வெட்டு, நடுவில் 138 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தண்டவாளத்தின் தலையில் மட்டும் ரம்பத்தால் ஒரு கீறல். இப்போது வண்டி போனால் டக்டக் என்று கேட்கிறது. கீறல் நல்ல யோசனை என்று பெரியவரே சொல்லிவிட்டார்.

ஜல்லிக்குக் கொள்ளிடத்து மணல், டீ வடிகட்டியில் சலித்தது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுச் சொட்டு சொட்டாக ஊற்றினால் இறுகிக்கொள்கிறது. கிளைப் பாதையில் ஜல்லி குவியலாக இருக்கக்கூடாது, மண்ணும் புல்லும் கட்டை மட்டத்துக்கு ஏறி நிற்க வேண்டும், அதனால் வேலை குறைவு. ஆனால் ஒரு விஷயம்: ஆற்று மணலில் கறுப்பாக மினுக்கும் பொடி இருக்கும், அது இரும்புத்தாது. மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டது. இரண்டே நாளில் இன்ஜின் கரகரவென்று நின்றது. மணலைக் கொட்டுவதற்கு முன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நாலைந்து தடவை ஓட்டி எடுங்கள், எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இன்ஜின் ஒய்டிஎம்-4, மீட்டர் கேஜ் டீசல். கரி வண்டிதான் அழகு, தெரியும், திட்டுகிறவர்கள் திட்டுங்கள். ஆனால் 12 மில்லிமீட்டர் தடத்தில் ஓடும் ஆறு அச்சு டீசல் அடிச்சட்டம் ஒன்று பழையதாகக் கிடைத்தது. அதன்மேல் விளம்பரப் பலகைக்குப் போடும் ஃபோம் ஷீட்டில் உடம்பு. இன்னொரு வசதி, கரி இன்ஜினாக இருந்தால் திருப்ப டர்ன்டேபிள் வேண்டும், இல்லையென்றால் கரியும் தண்ணீரும் இருக்கும் டெண்டரை முன்னால் விட்டு ஓட்ட வேண்டும். இது எந்தப் பக்கமும் போகும். பெட்டியை விட்டுவிட்டு, பக்கத்து லைனில் சுற்றிவந்து மறுகோடியில் மாட்டிக்கொள்வதுதான் கடைசி ஸ்டேஷனின் முழு நாடகமும். ஒரு பெட்டி நிஜத்தில் 19.5 மீட்டர், எனக்கு 224 மில்லிமீட்டர். இரண்டு பெட்டி, ஒரு சரக்கு வேகன், இதற்கு மேல் அந்தச் சுற்றுலைனில் இடமில்லை. மிக்சட் வண்டி என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

கைகாட்டி மரம் ஒன்றே ஒன்று. நம்முடையது பெரும்பாலும் கீழே இறங்கும் வகை, கை படுக்கையாக இருந்தால் நில், சரிந்து இறங்கினால் வரலாம். சர்வோ மோட்டாரும் தையல் நூலும் வைத்து இழுத்தேன். ஒருநாள் நூல் அறுந்தது, கை தானாகத் தொங்கி, வா வா என்று கூப்பிட்டது! நிஜ மரத்தில் எதிர்ப்பக்கம் ஏன் ஒரு எடைக்குண்டு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கம்பி அறுந்தாலும் அந்த எடை கையை மேலே தூக்கி ‘நில்’லில் நிறுத்திவிடும். தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டில் ஆகச் சின்னதைக் கோத்திருக்கிறேன். இப்போது நூலை நானே வெட்டிவிட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுகிறேன்.

ஓட்டும் விதியில் கொஞ்சம் கண்டிப்பு. முட்டுக் கிளைப் பாதைகளுக்கு ‘ஒரே வண்டி’ முறை என்று ரயில்வே விதியிலேயே உண்டு, ஒரு நேரத்தில் அந்தப் பாதையில் ஒரு வண்டிதான். அந்தக் காலத்து ஒற்றைத் தட மெயின் லைனில் என்றால் நீல் டோக்கன், இரும்புப் பந்தைத் தோல்பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கட்டி, ஓடும் வண்டியில் கை நீட்டி மாட்டிக்கொள்வார்கள். பந்து கையில் இல்லாமல் டிரைவர் அந்த செக்‌ஷனில் நுழைய மாட்டார். எனக்குப் பந்து எதற்கு, ஒரு சிவப்புக் கோல் செய்து வைத்தேன். கோல் யார் கையிலோ அவர்தான் கண்ட்ரோலரைத் தொடலாம். தங்கச்சி பையன் லீவுக்கு வந்தவன், முதல் நாளே, “மாமா, கோலை ஒளிச்சு வச்சா யாருமே ஓட்ட முடியாதில்ல?” என்றான். செய்தும் விட்டான். இரண்டு நாள் பாதை மூடிக் கிடந்தது. கடைசியில் கோல் கிடைத்தது அரிசி டின்னில்.

காட்சி வேலையில் எனக்குக் கஷ்டமானது மலை அல்ல, சமவெளி. மாடல் செய்கிற எல்லாரும் குகையும் மலையும் வைத்துப் பலகையின் ஓரத்தை மறைத்துவிடுகிறார்கள். டெல்டாவில் மறைக்க என்ன இருக்கிறது? தடத்தை மூன்று சென்டிமீட்டர் கரைமேல் தூக்கினேன், அதுதான் இந்த ஊர் முறையும். வெள்ளத்துக்காகக் கரை, கரை தண்ணீரைத் தடுக்கும் என்பதால் வரிசையாகச் சின்னப் பாலங்கள். இரண்டரை மீட்டருக்குள் ஐந்து மதகு வைத்தேன், பார்க்கிறவர்கள் அதிகம் என்கிறார்கள். இந்தப் பக்கம் ரயிலில் போகும்போது ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். வயலுக்கு நாற்றுப் பச்சை பிடிபடவே இல்லை, கடைசியில் அறுவடை முடிந்த தாளடியாக மாற்றிப் பழைய தேங்காய் நார் பிரஷ்ஷை வெட்டி ஒட்டினேன்.

மீதி இருப்பது இரண்டாவது பாயிண்ட், அதாவது தடம் பிரியும் இடம். வேகன் அந்த இடத்தில் பத்துக்கு மூன்று தடவை இறங்கிவிடுகிறது, பெட்டிகள் இறங்குவதில்லை. வேகன் எடை போதவில்லை என்று நினைத்து உள்ளே ஈயம் வைத்தேன், மாறவில்லை. பெரியவர் நேற்று வந்து அங்கே நகர்ந்து வண்டியைத் திருப்பும் நாக்குத் தண்டவாளத்தை நகத்தால் தடவிப் பார்த்து, “முனை தூக்கியிருக்கு தம்பி” என்றார். அரத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.