வார்டு வகுப்பைப் பற்றி மாணவர்கள் சொன்னது

மருத்துவக் கல்லூரிகளில் பருவ முடிவில் வாங்கப்படும் கருத்துப் படிவம், அதை நிரப்பிய மாணவருக்கு எந்தப் பயனும் தருவதில்லை. அவர் சுட்டிக்காட்டிய குறை திருத்தப்பட்டாலும், அதன் பலன் அடுத்த அணிக்குத்தான் போய்ச் சேரும். படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டு, கேட்டதற்கான பதிலை அதே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது பொதுமருத்துவம் கற்பித்துவரும் எனது உறுதியான எண்ணம்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், இணையப் படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் கிடைக்கும் என்று விதி வைத்திருந்தார்கள். பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே நுழையும் மாணவர், தமது இன்டர்னல் மதிப்பெண்ணைப் போடப்போகிறவரைப் பற்றி மனத்தில் உள்ளதை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு வெளியேறுவார்கள். அந்தச் சராசரியைத் துறைக் கூட்டத்தில் வாசிப்போம். அத்துடன் அந்த ஆண்டுக்கான பின்னூட்டம் முடிந்துவிடும்.

மாணவர்கள் அஞ்சாமல் மதிப்பெண் கொடுத்தாலும், அது எதை அளக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. 1970-இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் நிபுணராக மேடையேற்றி, மருத்துவர் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்ற தலைப்பில் பேசவைத்தார்கள். பேச்சு முழுவதும் முன்னுக்குப் பின் முரண்களும் பொருளற்ற சொற்களும்தான். ஆனால் அவர் சுவையாகப் பேசினார். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் சமூகப்பணித் துறையினருமாக இருந்தும், உரை நன்றாக இருந்தது என்றே பெரும்பாலும் மதிப்பிட்டார்கள். 1973-இல் வெளியான அந்த ஆய்வு, கற்பிப்பவரை விரும்புவதும் கற்றுக்கொள்வதும் வேறு வேறு என்பதை மருத்துவக் கல்வித் துறைக்கு எடுத்துக்காட்டியது.

இப்போது நான் பணியாற்றுவது கேரள எல்லையை ஒட்டிய ஓர் அரசுக் கல்லூரியில். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களில் மலையாளமும் தெலுங்கும் பேசும் மாணவர்கள் வருகிறார்கள். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சேர்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. வார்டில் படுத்திருப்பவர்களோ கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி, வாளையாறு என்று எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்தும் வருபவர்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள திறன்சார் பாடத்திட்டம், மாணவர் நோயாளியிடம் பேசிப் பழகுவதையும் கற்க வேண்டிய திறனாகவே கணக்கில் எடுக்கிறது. ஆனால் அந்தத் திறன் உண்மையில் வளர்கிறதா என்பது ஆங்கிலத்தில் அச்சிட்ட ஐந்து புள்ளிப் படிவத்தில் ஒருநாளும் தெரியவந்ததில்லை.

ஆகவே போஸ்டிங்கின், அதாவது மாணவர்கள் ஒரு துறையின் வார்டில் பயிற்சி பெறும் காலத்தின், நடுவில் வெற்றுத்தாள் கொடுத்து, இன்று எது விளங்கவில்லை, எது தடையாக இருந்தது என்ற இரண்டை மட்டும் கேட்கத் தொடங்கினேன். பெயர் எழுத வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். தெலுங்கில் வருபவற்றைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு நண்பர் படித்துச் சொல்வார். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் பிள்ளைகளுக்கு இருந்ததால், தாள்களை வகுப்புப் பிரதிநிதியே வாங்கித் தட்டச்சு செய்து தரும்படி பின்னர் மாற்றினோம்.

அப்படி வந்த ஒரு தாள் எங்கள் யூனிட் முழுவதையும் யோசிக்கவைத்தது. அன்று வார்டில் ஒரு மூதாட்டி, “ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுங்க, எந்திரிச்சு உக்காந்தாத்தானுங்க கொஞ்சம் தேவலாம்” என்று சொல்லியிருந்தார். இதயச் செயலிழப்பைச் சந்தேகிக்கவைக்கும் முக்கியமான வாக்குமூலம் அது; படுத்தால் வரும் இந்த மூச்சுத்திணறலுக்கு மருத்துவத்தில் ஆர்த்தோப்னியா என்று பெயர். தாளில் இருந்தது இவ்வளவுதான்: “பாட்டி சொன்னது கட்டிலின் கால்மாட்டில் நின்ற எங்களுக்கு எட்டவில்லை. அதற்குள் ஆர்த்தோப்னியா என்று சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அதை எழுதிக்கொள்கிறோம். என்ன கேட்டால் அந்தப் பதில் வரும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை.” கற்பித்தலில் நிகழும் இழப்பை இதைவிடத் துல்லியமாக எந்த அளவுகோலும் எனக்குச் சொன்னதில்லை. விடையைக் குறித்துக்கொண்ட அந்த மாணவர், அதை வெளிக்கொணர்ந்த கேள்வியைக் கற்காமலேயே வார்டைவிட்டுப் போகிறார். நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்காரும்போது அவருக்குத் தேவைப்படப்போவது அந்தக் கேள்விதான்.

மறுநாள் வகுப்பில் அதை வாசித்துக் காட்டி, என்ன செய்யப்போகிறோம் என்றும் சொன்னோம். ஒரு கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். நோயாளியின் பேச்சு நன்கு விளங்கும் மாணவர் முதலில் ஹிஸ்டரி எடுக்கிறார், அதாவது நோயின் விவரங்களைக் கேட்டறிகிறார்; மொழி விளங்காதவர் அவரிடம் கேட்டறிந்து, நோயாளி சொன்னதை முதலில் அன்றாடச் சொற்களில் திருப்பிச் சொல்கிறார்; அதன் பிறகே மருத்துவச் சொல் வருகிறது. இதனால் காலைப்பொழுதில் பார்க்கும் நோயாளிகள் குறைந்துவிட்டார்கள், பாடம் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. ஆனாலும் அடுத்த வாரத் தாள்களின் தன்மையே மாறிவிட்டது. கேட்கவில்லை, புரியவில்லை என்பவை குறைந்து, “இருமலைப் பற்றி ஏன் கடைசியில் கேட்டோம்?” என்பது போன்ற கேள்விகள் வரத் தொடங்கின.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வுக்கு வரக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தரமாட்டோம் என்பதைக் காரணத்தோடு சொன்னோம். மறுப்பும் பதில்தான், அதை மாணவர்கள் மதிப்போடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஆசிரியரைத் தரப்படுத்தவும் பதவி உயர்வுக்கும் இந்தத் தாள்களைப் பயன்படுத்தலாமே என்று நிர்வாகத் தரப்பில் கேட்டபோது, துறை ஒருமனதாக மறுத்தது. அப்படிச் செய்தால் இளம் உதவிப் பேராசிரியர்கள் மாணவருக்குப் பிடித்ததை மட்டும் கற்பிக்கத் தொடங்குவார்கள், மாணவர்களும் பழையபடி ஐந்துக்கு ஐந்துக்குத் திரும்பிவிடுவார்கள். தாள்கள் யூனிட்டிலேயே இருக்கின்றன. கல்லூரிக்கு அனுப்புவது என்ன மாற்றினோம் என்ற ஒரு பக்கக் குறிப்பு மட்டுமே. அறுவைச் சிகிச்சைத் துறையும் வரும் போஸ்டிங்கிலிருந்து இதே முறையைத் தொடங்க ஒப்புக்கொண்டிருக்கிறது.