தட்டை எங்கே வைப்பது?

"நான் சுத்துத பீடியத்தான் இவிய குடிக்காவ. நானே எப்படி சார் குடிக்காதியன்னு சொல்ல முடியும்?"

புகையை நிறுத்த எங்களிடம் வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான், வீட்டில் யார் துணை என்று. கொத்தனார் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி சொன்ன பதில் இது. "நீங்க தொழில விட வேண்டாம்மா, அவர் வேலை முடிஞ்சு வாறதுக்குள்ள பீடி சுத்துத தட்ட எடுத்து உள்ள வச்சிருங்க" என்றேன். அதற்கு அந்த அம்மா, "தட்ட மறைச்சிரலாம் சார், கையில அடிக்குத வாடைய எங்க கொண்டு மறைக்க?" என்றார். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவுங்கள், சுற்றும்போது கட்டின சேலையை மாற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பேச்சு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. விட்ட இரண்டாம் மூன்றாம் நாள்தான் உடம்பு அதிகம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் ஆசை கிளம்பி அடங்கச் சில நிமிடம்தான். தண்ணீரை வாயில் வைத்து மெதுவாக விழுங்கி, மூச்சை இழுத்து விட்டு, எழுந்து நாலு எட்டு நடந்தால் கடந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்குள் எட்டும் தூரத்தில் பீடி இருக்கக் கூடாது. பெட்டிக்கடைக்குப் போய் வாங்க வேண்டும் என்றாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். இவருக்கோ திண்ணையில் தட்டு, மடியில் புகையிலைத் தூள், பக்கத்தில் கட்டி வைத்த கட்டு. தட்டு கண்ணில் படாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இது அவருக்கு முதல் தடவையும் இல்லை. போன தடவை மருந்துக்கடையில், பீடி ஆசையை அடக்க மெல்லுகிற நிக்கோட்டின் சூயிங்கம் தானாகவே வாங்கியிருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைப்பது 2 மில்லிகிராம்தான். காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம் வேண்டும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அளவு பற்றாதது ஒரு பக்கம். மென்ற விதமும் தப்பு. மிட்டாய்க் கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும், நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மெல்லு. இப்படி அரை மணி நேரம். டீ, காபி, கலர் குடித்துக் கால் மணி நேரத்துக்குள் வாயில் போட்டால் அந்தப் புளிப்பில் மருந்து கன்னத்தில் ஏறாது. கொத்து வேலையில் 11 மணி டீ முடிந்த கையோடு போட்டிருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை என்று தூக்கி எறிந்துவிட்டார்.

இந்தத் தடவை முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், ஒரு நாளைக்கு 24-க்கு மேல் கூடாது. அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. டீயையும் பாதியாகக் குறைக்கச் சொன்னோம். புகை நின்றதும் காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும். தூக்கம் வராமல் படபடப்பு வந்தால் பீடி இல்லாததால்தான் என்று எண்ணிப் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

துணை விஷயத்தில் வீட்டைவிட அவர் வேலை பார்க்கிற சாரத்தில்தான் வழி கிடைத்தது. கூட வேலை பார்க்கிற ஒருவர் முன்பே விட்டவர். டீ நேரத்தில் பீடி குடிக்கிற கூட்டத்தோடு நிற்காமல் இவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போவது அவர் பொறுப்பு. "இன்னைக்குக் குடிச்சியா?" என்று கேட்கக் கூடாது, "இன்னைக்கு எப்பம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்றுதான் கேட்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். முதல் கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். கோயில் கொடைத் திருவிழாவில் ராத்திரி ஒரு பீடி குடித்துவிட்டுக் காலையில் அந்த நண்பருக்குத்தான் போன் போட்டார், எங்களுக்கு இல்லை. ஒரு பீடி குடித்ததால் எல்லாம் போய்விடவில்லை, அன்றைக்கும் கம்மை விடக் கூடாது, பையில் கம் இல்லாமல் கொடைக்குப் போனதுதான் ஓட்டை என்று நண்பரே சரியாகச் சொல்லியிருக்கிறார். யாரும் இல்லாதவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் உண்டு. புகையிலைப் பொருள்களின் உறைமேல் 2018 முதல் அச்சடிக்கிறார்கள்.

ஆனாலும் அந்த அம்மாவின் கை வாடைக்கே நினைப்பு திரும்பிப் போகிறது. புகைத்தால்தான் நிக்கோட்டின் ஏறும் என்பதில்லை. தூளை நாள் முழுக்கக் கையில் எடுக்கிறவர்களுக்குத் தோல் வழியாகவும் ஏறும், தூசி மூச்சிலும் போகும். அவர் கேட்டது புருசனுக்காகவா, தனக்காகவா? என் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சீட்டு ஒருவர் பேரில்தான் போட்டிருந்தது. புகையை நிறுத்துகிற இடத்தில் சுற்றுகிறவருக்கு என்ன செய்ய முடியும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அவர் கைவேலையை ஒளித்து வைக்க வேண்டிய சாமானாக்கி அனுப்பினேனோ என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வருகிற அந்தக் கூலியில்தான் அந்த வீட்டில் குழுக் கடனுக்கு வட்டி போகிறது. தொழிலை விடுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த தடவை இரண்டு பேருமே வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது பீடி சுற்றுகிற வீடு என்றால் கூட வருகிறவருக்கும் இருமல், இளைப்பு கேட்டு எழுதுகிறோம். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளவும், இலை வெட்டுவதையும் தூள் போடுவதையும் காற்றோட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளவும், சாப்பிடும் முன் கை கழுவவும் சொல்கிறோம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மருத்துவமனை இருக்கிறது, அங்கே நெஞ்சைக் காட்டச் சொல்லி அந்த அம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தேன். கொத்தனார் 7-வது வாரத்துக்கு வந்துவிட்டார். அம்மா இன்னும் முக்கூடல் போகவில்லை. ஒரு நாள் போனால் அன்றைய ஆயிரம் பீடி போய்விடும் என்கிறார்.